விளக்கைப் போட்ட அட்மிரல்

விமானம் தாங்கிக் கப்பல்னா ராத்திரியில கல்யாண மண்டபம் மாதிரி ஜெகஜோதியா இருக்கும்னுதான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேர் எதிர்ங்க. இரண்டாம் உலகப்போர்ல பொழுது சாஞ்சா மொத்தக் கப்பலும் கும்மிருட்டு. மேல்தளத்துல சிகரெட் பத்தவைக்கக் கூடாது. நீர்மூழ்கிக்கு அந்தப் பொறியே போதும். விமானிகள் காத்திருக்கற அறையில சிவப்பு விளக்கு. வெள்ளை வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்குப் போனா கண்ணு முழுசாப் பழக அரைமணி நேரமாவது ஆகும்; மங்கலான சிவப்பு அதை அவ்வளவாக் கெடுக்காது.

இந்த விதியை ஒரே ராத்திரி ஒருத்தர் தூக்கிக் கடாசினார்.

1944 ஜூன் 20, பிலிப்பைன் கடல். அமெரிக்க அட்மிரல் மார்க் மிட்சர், லெக்சிங்டன் கப்பல்ல. சாயந்திரம் நாலு மணி வாக்குல ஜப்பானியக் கப்பல்கள் இருக்கிற இடம் தெரிஞ்சுது. ரொம்ப தூரம். திரும்பறதுக்குள்ள இருட்டிடும், பெட்ரோலும் இழுபறி. பலருக்கு ராத்திரி இறங்கிப் பழக்கமே இல்லை. தெரிஞ்சே 200-க்கும் மேல விமானங்களை அனுப்பினார். கிளம்பின பிறகு, எதிரி இன்னும் 60 மைல் தள்ளி இருக்கான்னு திருத்தம் வந்தது! அடுத்த அணியை நிறுத்தினாரே தவிர, போனவங்களைக் கூப்பிடலை.

ராத்திரி எட்டே முக்கால் சுமாருக்குத் திரும்பினாங்க. அமாவாசை இருட்டு. மிட்சர் எல்லா விளக்கையும் போடச் சொன்னார். தேடுவிளக்குகள் வானத்தைப் பார்த்து எரிஞ்சுது, கூட வந்த கப்பல்கள் ஒளிக்குண்டு சுட்டுது. கிடைச்ச கப்பல்ல இறங்கிக்கோன்னு உத்தரவு.

ஆனா சினிமா மாதிரி சுபமா முடியலை. எங்கே பார்த்தாலும் விளக்கு, எது விமானத்தளம்னே புரியலை. சிலர் டெஸ்ட்ராயர்ல இறங்கப் பார்த்திருக்காங்க (அதுல ஓடுதளமே கிடையாது!). தளத்துல ஒரு விமானம் மோதிக்கிட்டா, அதை அகற்றுற வரைக்கும் மத்தவங்க மேலேயே சுத்தணும், காலி டேங்க்கோட. சண்டையில போனது 20 விமானம்தான். கடல்ல விழுந்தும் தளத்துல மோதியும் போனது சுமார் 80.

அந்த வீரர்கள்ல முக்கால்வாசிப் பேரை ராத்திரியும் அடுத்த நாட்களுமாத் தேடித் தண்ணியிலேர்ந்து தூக்கிட்டாங்க. விளக்கு போட்டதுக்காக மிட்சரைக் கொண்டாடறவங்க, அனுப்பினதும் அவர்தாங்கறதை ஒரு வரியில தாண்டிடறாங்க. எனக்கு ரெண்டையும் பிரிக்க முடியலை. பயந்த மாதிரி நீர்மூழ்கி எதுவும் அன்னிக்கு வரலை. வந்திருந்தா இந்தக் கதையை வேற மாதிரி சொல்லியிருப்பாங்க.