தந்தை வைத்துப் போன கடன்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. ஊர்ச் சனங்களின் வாயில் இவை நிலைக்கவில்லை. ஆனால் அதே ஒல்லாந்தர் எழுதி வைத்த இன்னொன்று, தீவுப்பகுதியில் காணி உறுதி எழுதும் ஒவ்வொரு நொத்தாரிசின் மேசையிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அதுதான் தேசவழமை.

ஆளுநர் கொர்னெலிஸ் யோவான் சிமன்ஸ் 1706 இல் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 இல் எழுதி முடித்தார். முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த மனிதர் அவர். எழுதியதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு, சரியென்று ஒப்பினார்கள். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தார்கள்.

தேசவழமை என்றதும் சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களே நம் நினைவுக்கு வருகின்றன. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதையே நாம் அதில் தேடுகிறோம். யார் எதைச் சுமக்க வேண்டும் என்றும் அதே நூல் சொல்லியிருப்பதை அதிகம் பேசுவதில்லை.

பழைய வழமையின்படி மகள் சீதனத்தோடு வீட்டைவிட்டுப் போகிறாள். அதோடு அவள் திருப்திப்பட வேண்டும். மகன்மார் வீட்டிலே நிற்கிறார்கள். கலியாணம் ஆகும்வரை அவர்கள் உழைத்ததும் பொதுச் சொத்திலே சேரும். பெற்றோர் கண்ணை மூடிய பிறகு எஞ்சிய சொத்து அவர்களுக்கு வருகிறது. பெற்றோர் பட்ட கடனும் அவர்களுக்கே வருகிறது. அந்த நேரத்தில் இறுக்க வசதி இல்லாவிட்டாலும் மகன்மாரின் பொறுப்பு நீங்குவதில்லை. எந்தக் காலத்திலும் அவர்கள் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்களே என்கிறது தேசவழமை. கடன் இங்கே காணியோடு கட்டப்படவில்லை, ஆளோடு கட்டப்பட்டது.

தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312 ஆம் பாட்டு தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஆளுக்கொரு கடனை வகுக்கிறது. அங்கே மகனுக்கு விதிக்கப்பட்டது போர்க்களம். தேசவழமையின் மகனுக்கு விதிக்கப்பட்டதோ தந்தையின் கணக்குக் கொப்பி. நீர்க்கடனும் பணக்கடனும் ஒரே தோளில் ஏறின.

இது நம்மவருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. தந்தையின் கடனை இறுப்பது மகனின் அறம் என்று வடமொழித் தர்ம நூல்களும் விதித்தன. ஆனால் சூதாடியும் குடித்தும் தந்தை பட்ட கடன் மகனைச் சேராது என்று அவை ஒரு வேலியும் போட்டன. மகனின் அந்த அறக்கடப்பாட்டை இந்தியா 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால், அதன் பின் ஏற்படும் கடன்களுக்கு இல்லாமற் செய்தது.

தேசவழமை எழுதப்பட்ட காலத்தையும் மறக்கலாகாது. அடிமைகளைச் சொத்தாக எண்ணி, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமையே என்று சொன்ன நூலும் இதுதான். பிறப்பாலே விலங்கு மாட்டப்படுவதை இயல்பென்று கருதிய உலகில், பிறப்பாலே கடன் வருவது யாருக்கும் வியப்பாக இருந்திராது. அடிமை முறை 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தோடு ஒழிந்தது. கடனின் பிடி அப்படி ஒரே நாளில் அறவில்லை. ஒவ்வோர் இழையாகத் தளர்ந்தது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி ஈட்டைச் செல்லாததாக்கியது. வட்டிக்குப் பதிலாகப் பனங்காணியை ஆண்டு அனுபவிக்கக் கொடுக்கும் ஒற்றியும் வாய்ச்சொல்லோடு நின்றால் சட்டத்தில் நில்லாது என்றாயிற்று. 1852 இல் வந்த சட்டம், அறவிடும் வட்டி முதலைத் தாண்டலாகாது என்றது. 1871 ஆம் ஆண்டின் காலவதிச் சட்டம் கடனுக்கே ஆயுள் குறித்தது: ஈட்டுக்குப் பத்து ஆண்டு, எழுத்துக் கடனுக்கு ஆறு, வாய்ச்சொல்லுக்கு மூன்று, கடைக் கொப்பிக் கடனுக்கு ஒன்று. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவை, இறந்தவரின் ஆதனத்தைக் கணக்கெடுத்து நிர்வகிக்க வழி வகுத்தது; கடன் அந்த ஆதனத்திலிருந்தே இறுக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கென்று 1911 இல் வந்த முதலாம் இலக்கச் சட்டம் மனைவியின் சொத்தைத் தனியாகப் பிரித்தது. அந்தச் சொத்தின் பராமரிப்புக்காகவே பட்ட கடனைத் தவிர, கணவனின் வேறு கடன் அவள் சீதனத்தைத் தொட முடியாது. கடன் மெல்ல மெல்ல மகனின் தோளிலிருந்து இறங்கித் தந்தையின் சொத்தின்மேல் அமர்ந்த வரலாறு இது.

பின்னர் போர் வந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது சனங்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். உறுதிகள், ஒற்றிச் சீட்டுகள், கடைக் கொப்பிகள் எல்லாம் பெட்டகங்களோடு போயின. கடன் கொடுத்தவர் ஒரு நாட்டில், பட்டவரின் பிள்ளைகள் இன்னொரு நாட்டில் என்றாயிற்று. போரினால் வழக்காட முடியாமற் போனவர்களின் காணி உரிமையைக் காக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவதி விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே முதலாம் திகதி முதல் 2009 மே 18 ஆம் திகதி வரையுள்ள காலத்தை அது கருத்தில் எடுத்தது. அது காணிக்கு வந்த சட்டம். கைமாற்றுக் கடனுக்கு வந்ததல்ல.

ஆகவே, உங்கள் அப்பர் எங்களிடம் வாங்கினவர் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது? எழுத்தைக் கேளுங்கள்; ஆண்டைக் கேளுங்கள்; அப்பரின் சொத்திலே என்ன மிஞ்சியது என்று பாருங்கள்; அம்மாவின் சீதனக் காணியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படிக் கேட்பது தந்தையை அவமதிப்பதல்ல. சட்டம் கேட்காத கடனையும் இறுக்க ஒரு பிள்ளைக்கு மனம் வந்தால் அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். ஊர் சுமத்தும் விலங்காக இருக்கலாகாது. அந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டம் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகள் வரை எடுத்தது.