மெதுவா வளர்ற மீன்: வாட்ஜ் பேங்க் களவாவின் கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு கடல் மீனைப் பத்தி. ஆனா கதையைக் கடலே இல்லாத ஒரு ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

திருப்பத்தூர், ஜவ்வாது மலை அடிவாரம். அங்கிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடலைப் பார்க்க 150 கிலோமீட்டருக்கு மேல போகணும். அந்த ஊரோட பழைய செல்வம் சந்தனம். மலையில இருந்து இறங்கின கட்டைகளை ரகம் பிரிச்சு ஏலம் விடுற வனத்துறைக் கிடங்கு அங்கதான் இருக்கு. சந்தனத்துல மணம் இருக்கிறது நடு வைரத்துல. அந்த வைரம் நல்லாப் பாய பல பத்து வருஷம் ஆகும். வெட்டுறதுக்கு ஒரு ராத்திரி போதும். திருட்டு வெட்டு அந்த மலையை என்ன பண்ணுச்சுன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அதே திருப்பத்தூர்ல ஞாயித்துக்கிழமை மீன் கடைக்குப் போங்க. ஐஸ் பெட்டியில சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் பக்கத்துல சில நாள் களவா கிடக்கும். உடம்பெல்லாம் புள்ளி, பெரிய வாய், தடிச்ச உதடு. முள்ளு கம்மி, சதை வெள்ளையா கெட்டியா இருக்கும். ஹோட்டல் மெனுவுல குரூப்பர்னு போடுவாங்க, ரீஃப் காட்னும் போடுவாங்க. பாறை இடுக்குல வாழ்ற மீன்தான், ஆனா நம்ம ஊர்ல 'பாறை மீன்'னு கேட்டா வேற ஒண்ணு கைக்கு வரும். அது மஞ்சப்பாறை, வட்டப்பாறை குடும்பம். குழப்பிக்காதீங்க.

களவாவோட வாழ்க்கை கொஞ்சம் விசித்திரமானது. இந்தக் குடும்பத்துல பெரும்பாலான இனங்கள் முதல்ல பெண்ணா வளரும். சில வருஷம் முட்டை போட்ட பிறகு, அதுல சிலது ஆணா மாறும். அதனால ஒரு பாறையில இருக்கிற பெரிய மீன்கள்ல நிறைய ஆணா இருக்கும். இப்போ யோசிச்சுப் பாருங்க. பெருசாப் பார்த்துப் பார்த்துப் பிடிச்சா ஆண்கள் குறையும். சின்னதாப் பிடிச்சா ஒரு தடவைகூட முட்டை போடாத பெண்கள் போகும். மத்தி, நெத்திலி மாதிரி ஒண்ணு ரெண்டு வருஷத்துல பெருகி ஈடு கட்டுற மீன் இல்ல இது. இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. ஒரு பாறை காலியானா நிரம்ப ரொம்ப நாள் பிடிக்கும்.

தமிழ்நாட்டுல களவாவுக்குப் பேர் போன இடம் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க். பணம் போடுற பேங்க் இல்ல, கடலடி மேடு. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. தரை மேல எழும்பி நிக்கிறதால உணவு சேருது, மீன் சேருது. குமரிக் கரையோரத்துல கடலடிப் பாறைத்திட்டுகளை 'பார்'னு சொல்வாங்க. கட்டுமரத்துல போனவங்க அதைக் கண்டுபிடிச்ச முறைக்குக் 'கணியம்'னு பேர். கரையில தெரியுற ஒரு மலை முகடு, அதுக்கு முன்னாடி ஒரு சர்ச் கோபுரம், ரெண்டும் ஒரே கோட்டுல வரணும். வேற திசையில இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டுற புள்ளியில தூண்டிலை இறக்கினா கீழே பார் இருக்கும். இதை எழுதி வைக்கிறதில்ல. அப்பா மகனுக்குச் சொல்வார், பக்கத்து மரத்துக்காரனுக்குச் சொல்ல மாட்டார். ஒரு கயிறு, சில தூண்டில். ஒரு நாள்ல இவ்வளவுதான் பிடிக்க முடியும்ங்கிற வரம்பு அந்தக் கருவியிலேயே இருந்துச்சு. அவங்க கடலைக் காப்பாத்தணும்னு நினைச்சு அப்படிச் செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. கையில இருந்த சக்தி அவ்வளவுதான்.

அந்த அளவு இருபதாம் நூற்றாண்டுல மாறுது. 1920களின் தொடக்கத்துல இலங்கையில இருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் 'லில்லா'ங்கிற கப்பலை வச்சு சுத்தியுள்ள கடலடியை ஆராய்ஞ்சுது. இழுவலை போட லாயக்கான பெரிய தரைகள்னு ரெண்டு இடம் தேறுச்சு. ஒண்ணு இலங்கைக்கு வடக்கே பீட்ரோ பேங்க், இன்னொண்ணு நம்ம வாட்ஜ் பேங்க். 1928-ல 'புல்புல்'ங்கிற டிராலர் கொழும்புல இருந்து வணிக மீன்பிடிப்பை ஆரம்பிச்சுது. குமரிமுனைக்குக் கீழே வளர்ந்த களவாவும் விலைமீனும் கொழும்புச் சந்தைக்குப் போச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இலங்கை டிராலர்கள் வந்துட்டே இருந்துச்சு.

இந்தியப் பக்கமும் சும்மா இல்ல. 1950களில் கொல்லம் பக்கத்துல நீண்டகரையில இந்தோ-நார்வேத் திட்டம் வந்துச்சு. அந்தத் திட்டத்தோட ஆய்வுப் படகு ஒண்ணுக்கு என்ன பேர் வச்சாங்க தெரியுமா? 'களவா'! பின்னாடி 'வருணா'ங்கிற ஆய்வுக் கப்பலும் வந்து, தென்மேற்குக் கடல்ல களவாத் தரைகளைத் தேடித் தூண்டில் போட்டுப் பார்த்துச்சு. அந்தக் காலத்து ஆர்வம் முழுக்க 'இன்னும் எங்கெல்லாம் இருக்கு'ங்கிற கேள்விதான். இன்னொரு கேள்வி இருக்கு. எடுத்தா எத்தனை வருஷத்துல திரும்ப வரும்? அது யாருக்கும் அவசரமாத் தோணல.

இப்போ 1976-க்கு வருவோம். கச்சத்தீவுன்னா எல்லாரும் 1974 ஒப்பந்தத்தைப் பேசுவாங்க. 1976 மார்ச் 23 அன்னிக்கு இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தையும், அன்னிக்கு ரெண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாத்திக்கிட்ட கடிதங்களையும் அவ்வளவாப் பேசுறதில்ல. அதுல வாட்ஜ் பேங்க் இந்தியாவோடதுன்னு உறுதியாச்சு. இலங்கைப் படகுகளுக்கு மூணு வருஷ அவகாசம். 6 படகுக்கு மேல கூடாது, வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல பிடிக்கக் கூடாது, இந்திய அரசோட உரிமம் வேணும். எனக்கு இதுல சுவாரசியமாப் பட்டது அந்த ரெண்டு எண்கள். இத்தனை படகு, இத்தனை டன். ஒரு மீன்தரையை நிர்வாகம் பண்ணணும்னா முதல்ல கேட்க வேண்டியதே அதுதான். ஆனா அந்த எண்கள் வெளியேறப் போற விருந்தாளிக்கு மட்டும். அவங்க போன பிறகு நம்ம படகுகளுக்கு அதே தரையில டன் கணக்குல எந்த வரம்பும் வரல.

அடுத்து இந்திய டிராலர்கள் பெருகுச்சு. 1983-ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, விசைப்படகுகள் கரையில இருந்து 3 கடல் மைலுக்குள்ள பிடிக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. 1991-ல ஒன்றிய அரசு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனக் கப்பல்களுக்கு ஆழ்கடலைத் திறந்து விட, மீனவர்கள் நாடு முழுக்கப் போராடினாங்க. அதுக்காக அமைச்ச முராரி கமிட்டி 1996-ல அந்த உரிமங்களை ரத்து பண்ணப் பரிந்துரைச்சுது. 2001-ல தமிழ்நாட்டுல 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. 2017-ல அது 61 நாள் ஆச்சு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்ட மேற்குக் கரையில ஜூன், ஜூலை.

இதுக்கு நடுவுல சத்தமே இல்லாம இன்னொண்ணு நடந்துச்சு. ஜிபிஎஸ்ஸும் எதிரொலிக் கருவியும் படகுக்கு வந்துச்சு. கணியமா இருந்த ரகசியம் திரையில ஒரு எண்ணா மாறிப் போச்சு. கரடுமுரடான பார்ல இழுவலை போட்டா வலை கிழியும், அதனால பாறையே களவாவுக்குக் காவல். ஆனா எந்தப் பார் எங்கே முடியுதுன்னு துல்லியமாத் தெரிஞ்சா விளிம்பு வரைக்கும் வலையை இழுக்கலாம். என்னைக் கேட்டா, எந்தச் சட்டத்தையும் விட அந்தச் சின்னத் திரைதான் வாட்ஜ் பேங்க்கை அதிகமா மாத்தியிருக்கு.

இதே மாதிரி மெதுவான மீனை வச்சிருந்த இன்னொரு கடற்கரை அமெரிக்காவோட மேற்குக் கரை. அங்கே ராக்ஃபிஷ்னு ஒரு பெரிய குடும்பம். அதுல 'யெல்லோஐ'ங்கிற இனம் 100 வருஷத்துக்கு மேல வாழும். பல வருஷம் டிராலர் போட்டு இழுத்து, 2000 ஜனவரியில அந்த மீன்பிடிப்பையே பேரிடர்னு அரசு அறிவிக்க வேண்டி வந்துச்சு. பிறகு பெரிய பெரிய பரப்புகளை மூடினாங்க. 2011 முதல் டிராலர்களுக்குத் தனித்தனி ஒதுக்கீடு, ஒவ்வொரு பயணத்துக்கும் படகுல ஒரு கண்காணிப்பாளர். தூக்கிப் போடுற மீனும் கணக்குல வரும். நிறையப் பேர் தொழிலை விட்டாங்க, துறைமுக ஊர்கள் அடி வாங்குச்சு. ஆனா 2014-ல அந்த மீன்பிடிப்புக்கு எம்எஸ்சி நீல முத்திரை கிடைச்சுது. 'கேனரி' ராக்ஃபிஷ் 2015-லயும் 'பொக்காச்சியோ' 2017-லயும் மீண்டுட்டதா அறிவிச்சாங்க. யெல்லோஐக்கு இன்னும் காத்திருக்காங்க. அந்த மீனுக்கு இருபது வருஷம்ங்கிறது ஒண்ணும் பெரிய காலம் இல்ல.

அந்த முத்திரை நமக்கு எட்டாத விஷயம் இல்ல. அதே 2014-ல கொல்லம் அஷ்டமுடிக் காயல் மட்டி அதை வாங்குச்சு, இந்தியாவுல முதல் முறையா. ஆனா மட்டி சீக்கிரம் வளரும், காயலுக்கு எல்லை இருக்கு, எடுக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. களவாவுக்கு இது மூணுமே கிடையாது. 61 நாள் தடையும் களவாவைக் காப்பாத்தப் போதாது. மத்த 304 நாள்ல எத்தனை சைஸ்ல எத்தனை எடுத்தாங்கன்னு கணக்கு வேணும். கேரளாவுல 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு சட்டம் வச்சிருக்காங்க, அது ஒரு தொடக்கம்.

நீங்க கேட்கலாம், திருப்பத்தூர்லயோ வேளச்சேரியிலயோ மீன் வாங்குறவங்க இதுல என்ன பண்ண முடியும்னு. சந்தனக் கிடங்குல ஒவ்வொரு கட்டைக்கும் எடை, ரகம், எங்கிருந்து வந்ததுங்கிற கணக்கு உண்டு. ஐஸ் பெட்டியில வர்ற களவாவுக்கு அது எதுவும் இல்ல. தூண்டில்ல வந்ததா, இழுவலையிலயான்னு கேளுங்க. கடைக்காரருக்குப் பல நேரம் தெரியாது. ஆனா பத்துப் பேர் கேட்டா அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். தட்டு சைஸ்ல 'ஒரு ஆளுக்கு ஒரு முழு மீன்'னு குட்டிக் களவா வந்தா நான் வாங்குறதில்ல. அதுக்குப் பதிலா சீக்கிரம் பெருகுற மத்தி, அயிலை இருக்கு, விலையும் கம்மி.

குமரிக் கரையில இப்போ பேச்சு மீனைத் தாண்டிப் போயிடுச்சு. 2024-ல ஒன்றிய அரசு அறிவிச்ச எண்ணெய், எரிவாயு ஏலச் சுற்றுல குமரிக்குத் தெற்கே இருக்கிற கடற்பகுதிகளும் இருந்துச்சு. வாட்ஜ் பேங்க்கைத் தொடாதேன்னு கடலோரக் கிராமங்கள்ல போராட்டம் நடந்துச்சு. இதுல நான் கவனிச்ச ஒரு விஷயம். டிராலர் வச்சிருக்கிறவங்களும், தூண்டில் போடுறவங்களும், பல வருஷமா ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டவங்க, அந்தப் போராட்டத்துல பக்கத்துல பக்கத்துல நின்னாங்க.