இலக்குமியும் லெட்சுமியும்

திருமகளின் பெயரைப் பெண்மக்களுக்கு இடும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. அப்பெயர் லக்ஷ்மி, லட்சுமி, லெட்சுமி, இலக்குமி எனப் பலவாறு எழுதப்பெறுகிறது. ஒலி வேற்றுமை சிறிது. அதன் பின்னுள்ள வரலாறோ பெரிது.

இவற்றுள் இலக்கிய ஆட்சியால் மூத்தது இலக்குமி. லகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் கொள்கை. அத்தகைய வடசொல் இகரமோ உகரமோ முன்னே பெற்று வரும் என 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் விதி வகுத்தார். விதிக்கு முன்பே வழக்கு இருந்தது. மணிமேகலையின் முற்பிறப்புப் பெயர் இலக்குமி. கணவன் பெயர் இராகுலன். கம்பரின் இலக்குவனும் இவ்வாறு தமிழுருப் பெற்றவனே.

லக்ஷ்மி என்பது கிரந்த எழுத்தின் வழிவந்தது. மணிப்பிரவாள நடை மேலோங்கியிருந்த நாளில் அவ்வடிவம் கல்விச் சிறப்பின் அடையாளமாக மதிக்கப்பட்டது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. வேதாசலம் மறைமலை ஆனார். அவர்தம் ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. அதன்பின் ஒருவர் தம் மகள் பெயரில் க்ஷகரத்தை வைப்பதும் நீக்குவதும் அவர் எப்பக்கத்தார் என்பதைக் காட்டுவதாகக் கொள்ளப்பட்டன. (பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இட்டவர் எக்கட்சியையும் நினைத்திரார் என்பது வேறு.)

லெட்சுமியைப் பிழையென்று சிவப்பு மையால் திருத்துவோர் உளர். அது பிழையன்று, பேச்சின் பதிவு. வடமொழியில் கனைத்தொலிக்கும் மெய்யும் ரகர லகரமும் சொல்லின் முதலில் வருமிடத்து, அவற்றை அடுத்த அகரத்தைப் பேச்சுத்தமிழ் எகரமாகத் திரிக்கிறது. ஜயம் ஜெயமாகவும், பலம் பெலமாகவும், கங்கை கெங்கையாகவும், ரங்கன் ரெங்கனாகவும் ஆயின அவ்வாறே. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர் கொணர்ந்தது இந்நாவழக்கே. பதிவேட்டு எழுத்தர் காதால் கேட்டதை ரோமன் எழுத்தில் எழுதினர். எகர ஒலியும் டகர ஒலியும் அவ்விடத்தே நிலைத்துவிட்டன. தமிழ்நாட்டில் க்ஷகரத்தோடு எழுதப்படும் அதே பெயரை மலேசியப் பதிவேடுகளில் இவ்வடிவிலேயே மிகுதியாகக் காணலாம்.

இங்கேதான் ஆசிரியரின் கை தயங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி என இருப்பவளைப் பள்ளிப் பதிவேட்டில் இலக்குமி என ஆக்கினால், தாளில் அவள் இருவராகிறாள். 1957க்குப் பின் குடியுரிமைக்குப் பிறப்புச் சான்று தேவைப்பட்ட குடும்பங்களுக்கு ஓரெழுத்து வேற்றுமையும் சிறுபொருளாகத் தோன்றியிராது. இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதலாம். குழந்தையின் சான்றிதழில் எழுதலாகாது. இராமசாமியின் மகன் தலைப்பெழுத்தைத் தமிழில் 'இரா.' என்றும் ரோமன் எழுத்தில் 'ஆர்' என்றும் எழுதி வருகிறான். அவனை எவரும் இருவர் என்று மயங்குவதில்லை.