இரண்டு பேர் உட்காரும் தறி

பவானிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கூடுதுறையைத் தேடித்தான் வருகிறார்கள். காவிரியும் பவானியாறும் சேரும் அந்தத் துறையில் திதி கொடுத்து, சங்கமேசுவரரைக் கும்பிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். 1804இல் கோவைக் கலெக்டர் வில்லியம் காரோ வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. அம்மனே சிறுமியாக வந்து, இடியப்போகும் மாளிகையிலிருந்து அவரை வெளியே அழைத்துப்போனாள் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, கட்டிலில் துரையின் கையெழுத்து இருக்கிறது.

எங்களுக்கு ஊர் என்றால் தறிச்சத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத்துணி வந்து குவிந்தபோது, இங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் தடித்த வண்ணநூலில் ஜமக்காளம் நெய்யத் தொடங்கினார்கள். மெல்லிய துணியில் மில்லோடு மோதமுடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

எங்கள் வீட்டில் குழித்தறி. ஜமக்காளத்தின் அகலத்துக்கு ஒருவர் கை எட்டாது. அப்பாவும் அம்மாவும் குழியில் காலை இறக்கி அருகருகே உட்கார்வார்கள். அப்பா தள்ளும் நாடாவை அம்மா வாங்கித் திருப்பி அனுப்புவார். பலகையை இருவரும் ஒரே நேரத்தில் இழுத்து அடிக்கவேண்டும். காலையில் சண்டை போட்டிருந்தாலும் தறியில் கை சேர்ந்துதான் ஆகவேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார். அந்தக் கடனை அம்மா இன்னொரு நாள் அவர் தறியில் கழிப்பார். எங்கள் வீதியின் உறவுமுறையெல்லாம் இப்படித்தான் வளர்ந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் எல்லாத் தறியும் நிற்கும். பெண்கள் துறைக்குப் போய்த் தாலிச்சரடு மாற்றுவார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் அன்றைக்குப் பெருக்கா, முழங்கால் தண்ணீரா என்பது மதகைத் திறப்பவர் கையில்.

ஆற்றுக்கு நாங்கள் நல்லது மட்டுமே செய்யவில்லை. சாயத்தண்ணீரைக் கலக்கவிட்ட பழி எங்கள் தொழில்மேல் உண்டு. அது நியாயமான பழிதான்.

1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு எங்கள் ஊர்ப் பெயரில் விற்கிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்தமுறை ஜமக்காளம் வாங்கும்போது கைத்தறிதானா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் மழுப்பினால் அதை வாங்காதீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள்.