பூர்போன் தீவின் வேலியும் தோட்டத்து ரோஜாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே பருவத்தில், கோடைத் தொடக்கத்தில், சில வாரங்கள் மட்டுமே பூத்தன. காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா ஆகிய அந்தப் பழைய வகைகள் முந்தைய ஆண்டு வளர்ந்து முற்றிய கிளைகளிலேயே மொட்டு விடுவதால், அவற்றைப் பூத்து முடிந்த பிறகுதான் கவாத்து செய்ய வேண்டும். குளிர்கால இறுதியில் ஒட்ட வெட்டினால் அவ்வாண்டின் பூ பெரும்பகுதியும் போய்விடும். இலையுதிர்காலத்தில் மறுமுறையும் ஓரளவு பூக்கும் டமாஸ்க் வகை ஒன்று இதற்கு விலக்காக இருந்தது.

சீனாவில் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட ரோஜாவின் இயல்பு வேறு. பூப்பதைத் தடுத்து வைக்கும் மரபணு அதில் செயலிழந்திருப்பதால், புதிதாகக் கிளம்பும் ஒவ்வொரு துளிரும் நுனியில் மொட்டு தாங்கியே வளர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகக் கப்பல்கள் வழியே இவ்வகை ஐரோப்பாவை அடைந்தது.

இவ்விரு மரபுகளும் தோட்டக்கலைஞர் எவருடைய முயற்சியும் இன்றிக் கலந்த இடம், இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவு. இந்தியப் பெருங்கடலிலுள்ள அத்தீவின் உழவர்கள் டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் நிலங்களைச் சுற்றி வேலியாக நட்டிருந்தனர். அந்த வேலியில் தானாகப் பிறந்த கலப்புச் செடியைத் தாவரவியலாளர் பிரேயோன் அடையாளம் கண்டு, 1819ஆம் ஆண்டளவில் அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். டமாஸ்கின் மணமும் சீன ரோஜாவின் மறுபூப்பும் இணைந்த பூர்போன் வகை இவ்வாறு ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்களோடு மென்மையான தேயிலை ரோஜாக்களும் கலந்து உருவான கலப்புத் தேயிலை ரோஜா வகையில் முதலாவதாக, 1867இல் லியோன் நகரத்துக் கியோ வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ கருதப்படுகிறது.

இம்மாற்றம் பராமரிப்பு முறையையே திருப்பிப் போட்டது. புதுத் துளிரில் பூக்கும் செடிக்கு வெட்டே ஊக்கமாதலால், வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டும் கடுமையான கவாத்தும், வாடிய பூவை உடனுக்குடன் நீக்குவதும், அடிக்கடி எருவிடுவதும் வழக்கமாயின. நயமான வகைகளைக் காட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் மொட்டு ஒட்டாகக் கட்டும் முறை பரவியபோது, ஒட்டுக்குக் கீழே கிளம்பும் பக்கக்கன்றுகளை அடியோடு பிய்த்தெறியும் வேலையும் சேர்ந்தது. அவற்றை விட்டுவைத்தால் வேர்ச்செடி ஓங்கி ஒட்டை நலிவித்துவிடும். 1900இல் பெர்னே-டூஷே வெளியிட்ட ‘சொலேய் டோர்’ ரோஜாவின் வழியாகப் பாரசீக மஞ்சள் நிறம் தோட்டங்களுக்குக் கிடைத்தபோது, இலைகளை உதிர்க்கும் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் தன்மையும் உடன் வந்தது.

தமிழகத்தில் மாலைக்கும் உதிரிப்பூ வணிகத்துக்கும் வளர்க்கப்படும் எட்வர்டு ரோஜாவும் பூர்போன் வகையைச் சேர்ந்ததே. ஒட்டுக் கட்டாமல், போத்து நட்டே வேர்விடச் செய்யப்படும் இச்செடி, ஆண்டுதோறும் மழைக்காலத்தையொட்டிக் கவாத்து செய்யப்படுகிறது. ஆகவே எல்லா ரோஜாவுக்கும் பொதுவான ஒரே பராமரிப்பு என்று ஒன்றில்லை. எந்தக் கிளையில் பூக்கிறது, சொந்த வேரில் நிற்கிறதா ஒட்டில் நிற்கிறதா என்பவற்றை முடிவுசெய்யும் அதன் வரலாற்றை அறிந்தவரே அதற்கு உரிய காலத்தில் கத்தரி வைக்க முடியும்.