டாக்டர் வரும் நாள்

விடியற்காலை. பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்துவிட்டது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் தன் நிரைக்குள் நுழைகிறாள். நேற்று வெட்டிய கோட்டின் விளிம்பில் கத்தியை வைத்து, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவி இழுக்கிறாள். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும், அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. கோடு சரியாக விழுந்ததும் பால் வழிந்து மங்குக்குள் சொட்டத் தொடங்குகிறது. அவள் அடுத்த மரத்துக்குப் போகிறாள். இப்படி ஒரு நாளில் 400 மரம், 500 மரம்.

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் மூன்று தலைமுறைத் தமிழர்களுக்குச் சோறு போட்டது கையும் கத்தியும் என்பார்கள். கண்ணும்தான். பார்வை மங்கியவருக்குப் பால்வெட்டு இல்லை. புல் வெட்டவும் காடு துப்புரவு செய்யவும் போக வேண்டும், கூலி குறையும். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டது யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று தேடிப் போனால், கண் வைத்தியத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் திறக்கிறது. மருத்துவர்களின் மேல்வரும்படி பற்றிய அத்தியாயம் அது.

மேல்வரும்படி என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். லஞ்சத்துக்கும் அதுதான் பெயர். ஆனால் சம்பளத்துக்கு வெளியே ஒரு மருத்துவர் நேர்மையாகச் சம்பாதித்த பணம் பல நேரங்களில் அவரை நோயாளியின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. பேராக்கில் நடந்தது அதுதான்.

தென்கிழக்காசியாவின் ரப்பர் கதையே பேராக்கோடு பின்னியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று எங்கும் ரப்பர் எழுந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்கில் இறங்கி வந்தார்கள் தொழிலாளர்கள். வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது காய்ச்சல். பத்து காஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் தன் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தமிழ்த் தொழிலாளர்கள் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் மடிந்தார்கள். எஞ்சியவர்கள் அவரிடம் கேட்டது ஒரு மாரியம்மன் கோவில் என்று சொல்லப்படுகிறது. கோவில் எழுந்தது, இன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியை நம்பிப் பழகாத மக்கள் அவர்கள். நம்பும்படியான ஆஸ்பத்திரியும் அவர்களுக்கு அப்போது வாய்த்திருக்கவில்லை.

1912-லும் 1923-லும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்தில் மருத்துவ வசதிக்கு முதலாளியையே பொறுப்பாக்கின. அதன் பிறகு தோட்டத்து மனிதர்களின் வரிசையில் துரை, கிராணி, கங்காணியோடு ‘டிரெசர்’ நிலைபெற்றார். காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். தோட்டத்திலோ பிரசவம், பாம்புக்கடி, மலேரியா, கண்வலி எல்லாவற்றுக்கும் அவரே. கண்ணில் பால் தெறித்தாலும், பாலை உறைய வைக்கும் அமிலம் தெறித்தாலும் ஓடிப் போய் நின்றது அவர் அறை வாசலில்தான். சில குடும்பங்களில் அதற்கும் முன்னால் ஒரு வைத்தியம் உண்டு: கைக்குழந்தைக்காரியிடம் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் கேட்டுக் கண்ணில் விடுவது.

டிரெசரின் சம்பளம் பெரிதல்ல. வேலை நேரம் முடிந்த பிறகு பக்கத்துக் கம்பத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஊசிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். கையில் காசில்லாதவர் கோழியைக் கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய மேல்வரும்படி அது. சட்டத்தின் கண்ணில் சரியில்லாத வேலைதான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் வேறு மருத்துவம் இல்லாத காலத்தில் அதைக் குற்றமாக மட்டும் எழுதிவிட மனம் வரவில்லை. 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. அவர்கள் கைக்குள் எவ்வளவு உயிர்கள் இருந்தன என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு சாட்சி.

கண்ணைப் பொறுத்தவரை டிரெசரால் முடிந்தது கொஞ்சம்தான். சொட்டு மருந்து விடலாம், தூசு எடுக்கலாம். மலேரியாவுக்கு அவர் கொடுத்த குயினைனே அளவு மிஞ்சினால் பார்வையைப் பறிக்கும் மருந்து. அதைவிடப் பெரிய கொடுமை மாலைக்கண். வைட்டமின் ஏ இல்லாத உணவில் வளர்ந்த பிள்ளைகள் பொழுது சாய்ந்தால் தடுமாறினார்கள். முற்றியபோது கருவிழியே குழைந்து போனது. தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைக் கொடுக்கும் வழக்கம் மலாயா முழுவதும் பரவியிருந்தது. 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அதைக் கொலை என்றே கண்டித்துப் பேசினார். இதில் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. சுத்திகரிக்காத செந்நிறச் செம்பனை எண்ணெயில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் ஏராளம். கீழ்ப் பேராக்கில் செம்பனை அப்போதே வளர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் ஏற்றுமதிக்குப் போனது.

டிரெசருக்கு மேலே இருந்தவர் ‘வருகை டாக்டர்’. ஈப்போவிலோ தைப்பிங்கிலோ தெலுக் இந்தானிலோ சொந்தக் கிளினிக் நடத்துபவர். தோட்டக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குறித்த நாளில் காரில் வந்து இறங்குவார். கிளினிக்தான் அவர் பிழைப்பு. தோட்டம் தரும் மாதத் தொகை அதற்கு மேல். நாலைந்து தோட்டங்கள் சேர்ந்தால் அது நல்ல தொகை.

டாக்டர் வரும் நாள் லயத்தில் தனி நாள். டிரெசர் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். மருந்து அறையின் சிமெண்டுத் தரை கழுவி ஈரமாக இருக்கும். பிரம்பு நாற்காலி ஒன்று, பக்கத்தில் பேசின், துண்டு. வெளியே பெஞ்சில் நாற்பது ஐம்பது பேர். டாக்டர் ஒருவரின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். முதலில் தேடுவது இரத்தச்சோகை, அதற்குப் பிறகுதான் கண். கருமணியில் வெள்ளை விழுந்திருந்தால் “பெரிய ஆஸ்பத்திரி” என்று சீட்டு எழுதுவார். சீட்டு வாங்கியவர் ஈப்போ போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அந்தச் சீட்டுகளில் எத்தனையோ, சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு மஞ்சளாகிப் போயின.

நோயாளியைத் தேடி டாக்டர் வரும் இந்த ஏற்பாடு கண் மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. கண் வைத்தியர் ஆதிகாலம் முதலே ஊர் ஊராகப் போகிறவர். அவர் கருவி ஒரு துணி மடிப்புக்குள் அடங்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண்புரைக்குச் சலாகை போட்ட வைத்தியர், நோயாளியை வெளிச்சத்தில் எதிரே உட்கார வைத்து, வெள்ளை விழியோரம் ஊசியைச் செலுத்தி, மங்கிய வில்லையைக் கீழே தள்ளிவிடுவார். மறுகணமே விரலைக் காட்டி “எத்தனை?” என்பார். நோயாளி சொல்லிவிடுவார். கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சில நாளில் கண் சிவந்து, சீழ் வைத்து, பலருக்குப் பார்வையே போய்விடும். அப்போது வைத்தியர் அங்கே இருக்கமாட்டார். அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து புத்தகம் எழுதியவர் ராபர்ட் ஹென்றி எலியட். 1819-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் தலைவராக இருந்தவர்; கண் நீர் அழுத்த நோய்க்கு 1909-இல் புது அறுவை முறையை வெளியிட்டவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஆங்கில மருத்துவர்களுக்குத் தனியாக நோயாளி பார்க்கும் உரிமையும் இருந்தது. பலருக்கு அதுவே பெருவருவாய்.

பக்கத்துப் பிலிப்பைன்ஸிலும் இப்படிப் பல வழியில் சம்பாதித்த கண் வைத்தியர் ஒருவர் இருந்தார். அந்நாட்டின் விடுதலை நாயகன் ஹோசே ரிசால் தொழிலால் கண் மருத்துவர். பாரிஸிலும் ஹைடல்பர்க்கிலும் பயின்று, ஹாங்காங்கில் கிளினிக் வைத்திருந்தார். 1892-இல் ஸ்பானிய அரசு அவரைத் தண்டனையாக டாப்பிட்டான் என்ற ஒதுக்குப்புற ஊருக்கு அனுப்பியது. அங்கே ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். வசதியுள்ளவர்களிடம் நன்றாகவே வாங்கினார். தென்னை வைத்தார், சணல் போன்ற அபாக்கா நார் வியாபாரம் செய்தார், லாட்டரியில் அவர் பங்குக்கு 6,200 பெசோ விழுந்தது. பணக்கார நோயாளி ஒருவர் தந்த 500 பெசோவை டாப்பிட்டான் தெருக்களுக்குத் தேங்காயெண்ணெய் விளக்கு வைக்கச் செலவிட்டார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். 1896 டிசம்பர் 30-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

பேராக்குக்குத் திரும்புவோம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் மாதச் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். அவர் காப்பாற்றியது போக மற்றவை சிதறின. ஆயிரம் ஏக்கர் தோட்டம் பத்துப் பேர் கைக்குப் போனால் வருகை டாக்டருக்கு மாதத் தொகை கொடுப்பது யார்? தொகை நின்றது; கார் வருவதும் நின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவையும் குறைந்தது. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தெலுக் இந்தான் பக்கத்து ஜென்டராட்டா போன்ற பெரிய தோட்டங்களில் மருத்துவமனை நிலைத்தது. சிறு தோட்டங்களில் மருந்து அறை ஸ்டோர் ஆனது.

செம்பனை கண்ணுக்குப் புது ஆபத்துகளையும் கொண்டுவந்தது. உயரத்தில் குலையை அறுக்கும்போது நிமிர்ந்த முகத்தில் விழும் தூசும் முள்ளும் கருவிழியைக் கிழித்தன. களைக்கொல்லி அடித்த பெண்கள் பாரகுவாட் கண்ணில் பட்டு எரிந்ததைச் சொன்னார்கள். அவர்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆவணமாக்கியது. பாரகுவாட்டுக்கு முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது.

டாக்டர் விட்டுச்சென்ற இடத்துக்குக் கண்ணாடிக்காரர்கள் வந்தார்கள். சம்பள நாள் பார்த்துக் கோவில் மண்டபத்தில் மேசை போட்டு, எழுத்துப் பலகையை மாட்டி, அங்கேயே கண்ணாடி விற்றார்கள். நல்லவர்களும் இருந்தார்கள், கண்புரை இருப்பவருக்கும் கண்ணாடியை மாட்டி அனுப்பியவர்களும் இருந்தார்கள். 1991-இல் கண்ணாடித் தொழிலுக்குச் சட்டம் வந்து பதிவு கட்டாயமான பிறகே இது ஒழுங்குக்கு வந்தது. தரகு வாங்கிக்கொண்டு நோயாளியை அனுப்புவதை மலேசிய மருத்துவ மன்றத்தின் நடத்தை விதிகளும் தவறென்றே சொல்கின்றன. மேல்வரும்படியில் எது தகும், எது தகாது என்ற கோடு அங்கே இருக்கிறது: நோயாளியின் கண்ணுக்காக வாங்குவது தகும், நோயாளியைக் கைமாற்றி வாங்குவது தகாது.

இன்று அரசுக் கண் மருத்துவருக்குக் கூடுதல் வருமானத்துக்கு வழிகள் உண்டு. மேலதிகாரியின் அனுமதியோடு வேலை நேரத்துக்குப் பின் தனியார் கிளினிக்கில் ‘லோக்கம்’ பார்க்கலாம். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். 2007-இல் செலாயாங், புத்ராஜெயா மருத்துவமனைகளில் முழுக் கட்டண நோயாளித் திட்டம் தொடங்கியது. நிபுணர்கள் தனியார் பக்கம் போய்விடாமல் இருக்க, அரசு மருத்துவமனைக்குள்ளேயே கட்டணம் கட்டுபவரைப் பார்த்து அதில் பங்கு பெறும் ஏற்பாடு அது. இவை எல்லாம் நகரத்து வழிகள். நோயாளி இருக்கும் இடத்துக்கு டாக்டரை இழுத்து வந்த பழைய மாதத் தொகைக்கு ஈடாக இவற்றில் எதுவும் இல்லை.

டாக்டரின் வருவாயை ஏழை நோயாளியோடு இணைத்துக் காட்டிய ஊர் மதுரை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டுபவர் தரும் பணத்தில் கட்ட முடியாதவருக்கு அறுவை. 1992-இல் ஆரோலேப் தொடங்கிச் செயற்கை வில்லையை அங்கேயே தயாரித்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மருத்துவரின் வருவாய்க்கும் கண் பரிசோதனை முகாமில் காத்திருக்கும் கிழவியின் கண்ணுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்.

மலேசியாவுக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டு தேசியக் கண் ஆய்வில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. இப்போது அதோடு நீரிழிவும் சேர்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு. நீரிழிவு விழித்திரையை அரிக்கும்போது வலிக்காது. தெரியவரும்போது பாதி போயிருக்கும்.

தோட்டத்தில் பால் வெட்டி உங்களை வளர்த்த அம்மாவோ அப்பாவோ இன்று ஈப்போவின் ஏதோ ஒரு தாமானில் உங்களோடு இருக்கலாம். டிவியை நெருங்கி உட்கார்கிறார்களா, படியில் காலை வைத்துத் துழாவுகிறார்களா என்று பாருங்கள். ஒரு நாள் விடுப்பெடுத்து அரசுச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பல நிலையங்களில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவி இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணரிடம் அனுப்பினால் 5 ரிங்கிட்.