மயிலாப்பூர் வீட்டில் உருவான ஆய்வு நிறுவனம்

இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் 1923 ஆகஸ்ட் 9 அன்று சென்னையில் பிறந்தார். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய தந்தை. மாநிலக் கல்லூரியில் படித்த ராமகிருஷ்ணன், 1947இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது காஸ்மிக் கதிர்ப் பொழிவு பற்றிய சிக்கல். அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான் ஒன்று வளிமண்டலத்தில் ஃபோட்டானை உமிழும். அந்த ஃபோட்டான் எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறும். அவையும் ஃபோட்டான்களை உமிழும். இப்படிக் கிளைத்துப் பெருகும் துகள்களில் குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்டவை எத்தனை? சராசரியைவிட, அதைச் சுற்றிய ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவதே கடினம். ஆற்றல் தொடர்ச்சியாக மாறும் அளவு என்பதே காரணம். ராமகிருஷ்ணன் ஆற்றலை மிகச் சிறு இடைவெளிகளாகப் பகுத்தார். ஓர் இடைவெளியில் ஒரு துகள் இருப்பதற்கும், இரு வேறு இடைவெளிகளில் ஒரே சமயத்தில் ஒவ்வொன்று இருப்பதற்குமான நிகழ்தகவுகளிலிருந்தே ஏற்ற இறக்கத்தைக் கணித்துக் காட்டினார். 'பெருக்கல் அடர்த்தி' எனத்தக்க இம்முறை 1950இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழக இதழில் வெளிவந்தது. அவருடைய ஆய்வுகளில் தலையாயது இதுவே. மான்செஸ்டரில் எம்.எஸ். பார்ட்லெட்டின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார்.

1957-58இல் ஓப்பன்ஹைமர் தலைமையிலிருந்த பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் தங்கிய அனுபவம் அவரை ஆழமாகப் பாதித்தது. அங்கு கண்ட கருத்தரங்கு மரபைச் சென்னையிலும் வேரூன்றச் செய்ய விரும்பினார். மயிலாப்பூரில் தம் குடும்ப இல்லமான 'ஏகாம்ர நிவாஸ்'இலேயே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்தினார். வெளிநாட்டு அறிஞர்கள் அங்கே வந்து உரையாற்றினர். 1960இல் வந்த நீல்ஸ் போர், பம்பாயின் பெரிய நிறுவனத்தோடு இந்தச் சிறு குழுவையும் சேர்த்துப் பாராட்டினார். பிரதமர் நேருவின் கவனம் இதன்பால் திரும்பியது. அன்றைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணைநின்றார். 1961 அக்டோபரில் சென்னை வந்த நேரு, கிண்டி ராஜ்பவனில் ராமகிருஷ்ணனையும் மாணவர்களையும் சந்தித்தார்.

மூன்றே மாதங்களில், 1962 ஜனவரி 3 அன்று, மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் விழாவில் பங்கேற்றார். சென்னையில் பலர் 'மேட்சயன்ஸ்' என்றே அழைத்த அந்நிறுவனம் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்தது.

தொடக்கம் முதல் 1983 வரை ராமகிருஷ்ணனே இயக்குநர். டிராக் அணிகளைப் பொதுமைப்படுத்தும் எல்-அணிக் கோட்பாடு இக்காலத்து ஆய்வு. அவர் 2008 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காலமானார். நிறுவனம் பிறந்த வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர் அவருடைய நினைவுக் குறிப்பு நூலான 'அல்லாடி டைரி'யைப் படிக்கலாம்.